துவைத்து அணியவும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நீ பாடம் எடுக்க ஆரம்பிக்கிறாய், ஆறாவது நிமிடத்தில் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ எவ்வளவு பாடம் எடுத்தாலும் மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

ஒரு உதவி வேண்டும். போன மாதத்திலிருந்து கலர் ரூமுக்கு நான்தான் பொறுப்பு. நாங்கள் செய்யும் நாற்காலி, வாளி எல்லாம் முதலில் வெறும் ஜவ்வரிசி மாதிரி பிளாஸ்டிக் மணிதான். அதில் கலர் தூளைக் கொட்டி, டிரம்மில் உருட்டி, மெஷினுக்கு அனுப்புவது எங்கள் அறை. ஐந்து பேர் இருக்கிறோம். அம்மா அப்பா வைத்த பெயர் இங்கே யாருக்கும் கிடையாது. எவன் எந்தக் கலரைக் கொட்டுகிறானோ அதுதான் பெயர். பச்சை, சிவப்பு, நீலம், கறுப்பு. கறுப்புதான் எங்களில் நல்ல சிவப்பு; சாயங்காலம் அவனைப் பார்த்தால் உனக்கு நம்பிக்கை வராது. நான் மஞ்சள். பொறுப்பு ஏற்ற பிறகும் மஞ்சள்தான், ‘மஞ்சள் சார்’ என்று கூப்பிடுகிறார்கள்.

மூட்டையை அறுத்துக் கொட்டினால் அறை முழுக்கப் புகை மாதிரி எழும்பும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வோம். வேலைச் சட்டையைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். மாதக்கணக்கில் துவைக்காத சட்டை. ஆணி இல்லாவிட்டாலும் தானாக நிற்கும்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். மஞ்சள் தூளோடு வந்த பாதுகாப்புத் தாள் எட்டுப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “உங்க அக்கா காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கறாங்கன்னு சொல்வியே, அவங்ககிட்ட குடு. செவுத்துல எழுதற மாதிரி தமிழ்ல பத்து வரி போதும்” என்றார். தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயரைக் காப்பாற்று. என் பெயர் மஞ்சள், அதைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

வாயாடிக்கு மூன்று வயதாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டு அம்மாவிடம், “எங்க அப்பா பேச விடமாட்டேங்கறாரு, நீங்களாவது கேளுங்க” என்றாளாம். உன் வாரிசுதான், சந்தேகமே இல்லை.

உன் தம்பி

*

ஜனவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நான் பாடம் எடுப்பதில்லை. நீ கேள்வி கேட்கிறாய், பிறகு பதிலைக் கேட்கப் பிடிக்காமல் போகிறது.

தாளை மூன்று முறை படித்தேன். உன் மஞ்சள் ஈயக் குரோமேட். விளையாட்டில்லை. ஈயம் உடம்புக்குள் போனால் எளிதில் வெளியே வராது, எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அறிவிப்புப் பலகைக்கு இதை எழுதிக்கொள்:

இந்த மஞ்சள் தூளில் ஈயம் உள்ளது. மூச்சிலும் வாயிலும் போகக் கூடாது.

மூட்டையை டிரம்முக்குள் இறக்கி மெல்லச் சாய்க்கவும். உதற வேண்டாம்.

காற்றுக் குழாயால் உடம்பையும் தரையையும் ஊத வேண்டாம். பெருக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைக்கவும்.

வேலை உடையைத் தினமும் துவைத்து அணியவும்.

முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

கையும் முகமும் சோப்பால் கழுவாமல் உண்ணவோ புகைக்கவோ கூடாது. இந்த அறைக்குள் எதையும் உண்ணக் கூடாது.

எட்டுப் பக்கத்தை ஆறு வரியாக்கியிருக்கிறேன். உடையைப் பற்றி மட்டும் தாளில் ஒரு நீண்ட பத்தி இருக்கிறது. அதை ஐந்து சொற்களில் அடக்கினேன். சுவரில் இருப்பதை மனிதர்கள் நின்று படிப்பதில்லை, நடந்துகொண்டே படிக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் குடிநீர்க் குழாயை மூடச் சொல்லி ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையில் நாற்பது சொற்கள் இருக்கின்றன, குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. இந்த ஆறு வரியில் ஒரு சொல்கூட மிகை இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கைக்குட்டை எதையும் தடுக்காது. வடிகட்டி வைத்த முகமூடி கேள். டிரம்மின் வாயருகே தூசியை உறிஞ்சும் குழாய் வைக்கச் சொல். எல்லாவற்றையும்விட, தூளை விட்டுவிட்டு, கலர் ஏற்கெனவே கலந்த மணிகளை வாங்கச் சொல். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்.

என் வாரிசு என்றால் பேச்சில் மட்டும் இருக்கட்டும், முழங்காலில் வேண்டாம். வருஷம் ஒன்றரை ஆகிறது அவளை நான் பார்த்து. கூட்டி வர உனக்கு வழி தெரியவில்லை என்றால் வரைபடம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுத்தாளர் ஆகிவிட்டாய். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து, பெயிண்டர் வந்து இரண்டு நாள் எழுதினார். இன்ஸ்பெக்டர் நின்று முழுவதும் படித்துவிட்டு, “இப்படித்தான் இருக்கணும், தெளிவா” என்றார். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. தானே எழுதின மாதிரி தலையாட்டினார்.

ஒரு சின்ன விஷயம். முதல் வரியை மட்டும் மேனேஜர் எடுக்கச் சொல்லிவிட்டார். “ஈயம் கீயம்னு எழுதினா பசங்க பயந்து லீவு போடுவாங்க. என்ன செய்யணுங்கறதுதானே முக்கியம், எதுக்குங்கறது எதுக்கு?” என்றார். மற்ற ஐந்து வரியும் நீ எழுதியது எழுதியபடி.

நான் பொறுப்பில் இருக்கிறேன், அதுவும் அக்கா எழுதியது, மீற முடியுமா? தாடியை எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “யாருங்க வேணும்? அவர் இன்னும் வேலையிலிருந்து வரலையே” என்றாள். முகமூடி வந்துவிட்டது. மூட்டையை இறக்கிச் சாய்க்கிறோம், ஊதுவதில்லை. ஈரத் துணி பிடித்துத் தரை துடைக்கிற என்னைப் பார்த்துப் பச்சை, “மஞ்சள் சார், அப்படியே எங்க வீட்டுக்கும் ஒரு நடை வாங்க” என்கிறான்.

சட்டை விஷயம்தான் பெரிய மாற்றம். துவைக்க அங்கே இடம் இல்லை, இருப்பது ஒரு குழாய். மேனேஜர், “வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கப்பா, போர்டுலயே போட்டிருக்கில்ல, தொவைச்சுப் போடணும்னு” என்றார். மற்றவர்கள் இரண்டு வாரம் எடுத்துப் போனார்கள், பிறகு பழையபடி ஆணிதான். நான் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. தினமும் பையில் சுருட்டி எடுத்து வருகிறேன், இவள் குளியலறையில் வாளியில் ஊறவைத்துத் துவைத்து, உள்ளேயே கொடியில் காயப்போடுகிறாள். முதல் தண்ணீர் அப்படியே மஞ்சள் சர்பத். வாயாடிக்கு அது ஒரு கொண்டாட்டம். நான் வந்ததும் பையை அவள்தான் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். வாளியில் கையை விட்டு அளைந்துகொண்டு, “இது அப்பா ஜூஸ், யாருக்கும் கிடையாது” என்கிறாள். இவள் திட்டினால், “நான் ஒத்தாசை பண்றேன்மா, நீ ரெஸ்ட் எடு” என்று பதில்.

பார், உன் பேச்சைக் கேட்டு எப்படித் திருந்திவிட்டேன்.

உன் தம்பி

*

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். ‘எதுக்குங்கறது எதுக்கு’ என்று கேட்கிறவர் ஒரு தொழிற்சாலையை நடத்துகிறார். நான் எழுதியதில் முக்கியமான வாக்கியமே அதுதான். காரணம் தெரியாமல் சொல்லும் விதிக்கு ஆயுள் இரண்டு வாரம். மற்றவர்கள் ஆணிக்குத் திரும்பியதே அதற்குச் சாட்சி. அடுத்தவர் எழுத்தில் கை வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? அவரிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் நால்வரிடமும் வாயால் சொல்: இது ஈயம், எலும்பில் தங்கும். எழுதாவிட்டால் என்ன, உனக்கு வாய் இருக்கிறதே.

இன்னொன்று. கலர் ரூம் ஆட்களுக்குத் தினமும் ஒரு டம்ளர் பால் கொடுக்கிறார்கள், அதைக் குடித்தால் போதும் என்று நீ ஒருமுறை போனில் சொன்னாய். பால் ஈயத்தை விரட்டாது. பால் பால்தான்.

தாடி இல்லாத முகத்தைப் படம் எடுத்து அனுப்பு. ‘அப்பா ஜூஸ்’ படித்துச் சிரித்தேன். பல நாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தேன். ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் மனசு சரியில்லை.

வாயாடிக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது. மே மாதத்திலிருந்து வயிற்று வலி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள். வெளிக்குச் சரியாகப் போவதில்லை. டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. முகம் வெளுத்திருக்கிறது என்று இரும்புச் சத்து டானிக் கொடுத்தார், அதுவும் அப்படித்தான். விளையாடப் போவதில்லை. நேற்று வாசல்படியில் இரண்டு தடவை தடுக்கினாள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். பேச்சு குறைந்துவிட்டது அக்கா. முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. இவள்தான் ஒரு நாள், “ஏங்க, இன்னைக்கு வீடு அமைதியா இருக்கில்ல?” என்றாள். பிறகு கவனித்தோம். ‘ஒத்தாசை’ என்பாளே, அந்தச் சொல்லெல்லாம் காணோம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறாள். டாக்டர், “சில குழந்தைங்க அப்படித்தான், நடுவுல கொஞ்சம் நிறுத்தும்” என்கிறார்.

என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. கொஞ்சம் களைப்பு, மூட்டு வலி. உன் முழங்கால் எனக்கும் வந்துவிட்டது போல.

நீ படித்தவள். இது என்னவாக இருக்கும் என்று யாரையாவது கேட்டுச் சொல்வாயா?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 1

தம்பி,

கடிதம் இன்று காலை கிடைத்தது. உடனே போன் செய்தேன், நீ வேலையில் இருந்தாய், உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். பதற்றத்தில் எதையாவது விட்டிருப்பாள் என்பதால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போ. “ரத்தத்தில் ஈயம் எவ்வளவு” என்று பார்க்கச் சொல். அந்தச் சொல்லையே சொல், “ரத்தப் பரிசோதனை” என்று மட்டும் சொல்லாதே, அவர்கள் வேறெதையாவது பார்த்து அனுப்பிவிடுவார்கள். நீயும் கொடு, உன் மனைவியும் கொடுக்கட்டும். உன் வேலை என்னவென்று டாக்டரிடம் சொல்.

இன்றிலிருந்து ஒரு நூல்கூட அங்கிருந்து வீட்டுக்கு வரக் கூடாது. செருப்பும்தான். அங்கேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு கிளம்பு. அந்த வாளி, துவைக்கும் பிரஷ், கொடி, பை எல்லாவற்றையும் கட்டி வெளியே வை. வீட்டைப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள்.

ஈயத் தூசி படிந்த சட்டையைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போய், குழந்தை குளிக்கிற இடத்தில் துவைக்கச் சொல்லி உனக்கு யார் சொன்னது? எலும்பில் தங்கும் என்று நான் எழுதவில்லையா? இத்தனைக்கும் நீ கலர் ரூமுக்குப் பொறுப்பு.

முடிவு வந்ததும் சொல்.

அக்கா

*

ஆகஸ்ட் 8

அக்கா,

யார் சொன்னது என்று கேட்டிருக்கிறாய். இன்று போய்ப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். மனப்பாடம்தான், இருந்தாலும் நான் தப்பாக எதையாவது ஞாபகம் வைத்திருக்கிறேனோ என்று பார்த்தேன்.

‘வேலை உடையைத் தினமும் துவைத்து அணியவும்.’

இவ்வளவுதான் இருக்கிறது. எங்கே என்று இல்லை.

பிப்ரவரியிலேயே உனக்கு எல்லாம் எழுதினேன். பை, வாளி, கொடி, அவள் கையை விட்டு அளைவது. நீ சிரித்தேன் என்று எழுதினாய்.

முடிவு வந்துவிட்டது. நூறு மில்லி ரத்தத்தில் ஐந்து மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தாலே குழந்தைக்குக் கெடுதலாம். அவளுக்கு 58. எனக்கு 61, இவளுக்கு 24. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “வீட்டுல பெயிண்ட் வேலை நடந்துதா?” என்றார். இல்லை என்றேன். என் வேலையைச் சொன்னேன். “அந்தத் துணியை வீட்டுல தொவைச்சீங்களா?” இவள் தலையாட்டினாள். “தினமுமா?” இவள், “தினமும்தான் டாக்டர், ஒரு நாள்கூட விடல” என்றாள். நல்ல மாணவி பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம்தான் புரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆணியில் மாட்டிவிட்டுப் போன நாலு பேரின் பிள்ளைகளுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் பத்தைத் தாண்டவில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 13

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு அலமாரியிலிருந்து அந்த எட்டுப் பக்கத்தையும் என் முதல் வரைவையும் எடுத்துப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. உடையை வேலையிடத்திலேயே கழற்ற வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே தனியாகத் துவைக்க வேண்டும், வீட்டுத் துணியோடு சேரக் கூடாது. என் முதல் வரைவில், ‘வேலை உடையை இங்கேயே கழற்றி, இங்கேயே துவைத்து அணியவும்’ என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு பென்சிலால் அடித்திருக்கிறேன். ‘இங்கேயே’ இரண்டு முறை வருவது காதுக்கு உறுத்தியது. ஒன்றை எடுத்தேன். ஒன்று மட்டும் இருந்தபோது அது எதற்கு என்று தோன்றியது. தொழிற்சாலைச் சுவரில் எழுதியிருந்தால் தொழிற்சாலையைத்தானே குறிக்கும் என்று அதையும் எடுத்தேன். அடித்த இடம் தெளிவாகத் தெரிகிறது. அழிக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

வீட்டில் துவைப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கல்லூரி ஆய்வகத்தில் அங்கியை அங்கேயே விட்டுவிட்டு வருவேன், அதை வாங்கித் துவைத்துத் தர ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக அவர் எங்கே துவைக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தில் எல்லாம் இருந்தது. நான் அதில் என் முதல் வரியை மட்டும் தேடிப் படித்தேன். முதல் தேதி உன்னிடம் கேட்ட கேள்வியை என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

வைத்தியம் தொடங்குவதற்குமுன் குழந்தை அந்த வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும். மருந்து ஒரு பக்கம் இறக்க, தூசி மறுபக்கம் ஏற்றும். மூவரும் இங்கே வந்துவிடுங்கள். நீ வர முடியாவிட்டால் அவர்கள் இருவரும் வரட்டும். நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். பெரிய அறையை ஒழித்து வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை.

தொழிற்சாலை ஆய்வாளரிடம் போய் இதை எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். என் தவறையும், முதல் வரியை எடுத்ததையும் சேர்த்து. உனக்குத் தொந்தரவு வருமா என்று மட்டும் சொல்.

அக்கா

*

செப்டம்பர் 24

அக்கா,

உன் வீட்டுக்கு வர இவள் சம்மதிக்கவில்லை. தன் அம்மா வீட்டுக்குக் குழந்தையோடு போயிருக்கிறாள். நான் இங்கே தனியாக வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மெத்தை, பாய், துணிப் பொம்மை எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். சுவரோரம் தரை வெடிப்பில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. ஊசியால் எடுத்துத் துடைக்கிறேன்.

மாத்திரை பத்தொன்பது நாள் கொடுத்தார்கள். அழுகின முட்டை நாற்றம். பாகில் கலந்து ஊட்டினாலும் துப்புகிறாள். 58 இருந்தது 27 ஆனது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். மூன்று வாரம் கழித்து எடுத்தால் மறுபடியும் 41. எலும்பில் இருப்பது ரத்தத்துக்கு வருகிறதாம், நீ சொன்ன அதே எலும்பு. இரண்டாவது தடவை கொடுக்க வேண்டும். “பேச்சு திரும்பி வருமா?” என்று கேட்டேன். டாக்டரம்மா, “ஈயம் குறையும். போனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது” என்றார். நல்லவர். பொய் சொல்லவில்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார்.

“யார் மேல தப்புன்னு நான் சொல்லவே இல்லப்பா. போர்டு யார் எழுதினது? அது மட்டும் சொல்லு.”

“எங்க அக்கா.”

“கம்பெனி கேட்டு எழுதினாங்களா, நீயா கொண்டுவந்து குடுத்தியா?”

பதிலுக்குக் காத்திராமல் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

“நீயா கொண்டுவந்து குடுத்தன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போடு. குழந்தை வைத்தியம் முழுக்க கம்பெனி பாத்துக்கும், எத்தனை தடவை ஆனாலும். உன்னையும் ஸ்டோருக்கு மாத்திடறேன், தூசி இல்லாத எடம்.”

தாளில், இரசாயனம் படித்த என் சகோதரி எழுதித் தந்ததை நம்பி நிர்வாகம் சுவரில் எழுதியது என்று இருந்தது. முதல் வரி எடுத்தது பற்றி ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன் அக்கா. யோசித்துத்தான் போட்டேன். நீ ஆய்வாளரிடம் போவதானால் இதைத் தெரிந்துகொண்டு போ.

அன்று இவளிடம் போய்ச் சொன்னேன். இவள் மேனேஜரைத் திட்டவில்லை, உன்னையும் திட்டவில்லை. “படிச்சவங்க எழுதினதுன்னுதான் நான் தினமும் தொவைச்சேன். யாரும் எழுதாம இருந்திருந்தா அந்தச் சட்டை ஆணியிலயே தொங்கியிருக்கும்” என்றாள்.

நீ எவ்வளவோ நல்லதுக்குத்தான் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

கொஞ்ச நாள் எழுதாதே. போன தடவை கவரில் உன் எழுத்தைப் பார்த்ததும் இவள் அதைத் தொடாமல் நகர்ந்துவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. கோபம் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

தம்பி

*

டிசம்பர் 5

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். பத்து வாரம் எழுதவில்லை. உன் மனைவி பார்க்க வேண்டாம் என்பதால் ஸ்டோர் முகவரிக்கு அனுப்புகிறேன், கவரில் தட்டச்சு செய்திருக்கிறேன்.

நீ கையெழுத்துப் போட்டது சரி. உன் இடத்தில் நானும் போட்டிருப்பேன். இதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. தாளில் என்னைப் பற்றி இருந்தது பொய்யில்லை.

ஆய்வாளரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். “அந்த வரி நீங்க எழுதினதுதானே மேடம்?” என்றார். ஆமாம் என்றேன். “முதல் வரியை எடுத்தாங்கன்னு சொல்றீங்க, அதுக்கு ஏதாவது எழுத்துல இருக்கா?” என்றார். உன் பிப்ரவரிக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்தால் உன் கையெழுத்தும் ஸ்டோரும் குழந்தையின் மருந்தும் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்த அறையில் இன்னும் தூளைக் கொட்டும் நான்கு பேரையும், அவர்கள் பிள்ளைகளையும் நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டுத்தான் இல்லை என்று சொன்னேன். என் வரைவைக் காட்டினேன். “இதை நீங்க இப்பகூட எழுதியிருக்கலாமே” என்றார். சந்தேகப்படுவது அவர் வேலை. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். என் பெயரில் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார். அறையைப் பதினோரு நாள் மூடினார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு திறந்துவிட்டார்கள். துவைக்கும் இடம் கட்ட உத்தரவு என்கிறார்கள். கட்டினார்களா என்று உனக்குத்தான் தெரியும்.

குழந்தையைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். எழுதுகிறேன். காது கேட்கும் திறனை ஒருமுறை சோதிக்கச் சொல், பேச்சு குறைந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். இரண்டாவது சுற்றுக்குப் பிறகும் அளவு மறுபடி ஏறும், மூன்றாவதும் தேவைப்படலாம். அது தோல்வி இல்லை. வெறும் வயிற்றில் அவளை விடாதீர்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள், தள்ளிப்போட வேண்டாம். நாட்டு மருந்து, பஸ்பம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் கொடுக்காதே. உனக்கும் 61 இருந்தது. நீயும் மாதாமாதம் ரத்தம் கொடு.

இந்தப் பத்தியை நேற்று எழுதினேன். இன்று, வேலை முடிந்து களைத்து வந்து, என்னை நம்பி, சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு ஆள் படித்தால் எப்படிப் படிப்பான் என்று படித்துப் பார்த்தேன். மூன்று இடம் திருத்தினேன். பிறகும் ‘வெறும் வயிற்றில் அவளை விடாதீர்கள்’ என்பதை மாத்திரைக்கு முன் நிறையச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம், நான் சொல்ல வந்தது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதை; காலி வயிறு ஈயத்தை அதிகம் இழுக்கும். மற்றதில் எங்கே என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கும்.

அதனால் இந்தத் தாளை டாக்டரம்மாவிடம் காட்டு. அவர் சரி என்பதை மட்டும் செய். நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காக எதையும் செய்யாதே.

அக்கா